எலும்பில் ஏறும் ஆணி: இரண்டு மில்லிமீற்றர் ஏன் முக்கியம்?



டென்மார்க்கில் பனிக்காலம் தொடங்கிவிட்டால் எம்மவர் வீடுகளில் அடிக்கடி கேட்கும் செய்தி ஒன்று உண்டு: "அம்மா வழுக்கி விழுந்திட்டா, கையில பிளேட் வைச்சு ஆணி அடிச்சிருக்கு." 1980களில் இந்த நாட்டுக்கு வந்து சேர்ந்த எமது முதல் தலைமுறையில் பலர் இன்று அறுபது, எழுபது வயதைக் கடந்துவிட்டார்கள். எலும்பு தேயும் வயது இது. வாசற்படியில் உறைந்த தண்ணீரும் வெயில் குறைந்த நீண்ட குளிர்காலமும் அதற்குத் துணை சேர்கின்றன. ஆகவே இம்முறை மருத்துவப் பகுதியில், எலும்பு முறிவுச் சத்திரசிகிச்சையில் பயன்படும் திருகாணியைப் பற்றியும், அதன் நீளத்தை வைத்தியர்கள் எப்படி அளக்கிறார்கள் என்பதைப் பற்றியும் பார்ப்போம்.

"இது வைத்தியருடைய வேலைதானே, எமக்கு எதற்கு?" என்று சிலர் கேட்கலாம். ஆணியை அளப்பது வைத்தியரின் வேலைதான். ஆனால் அந்த ஆணி சற்று நீண்டுவிட்டால் அதை முதலில் உணர்பவர் நோயாளி. அவர் உணர்ந்ததை உரிய நேரத்தில் சொன்னால் ஒரு சிறிய சிகிச்சையோடு விடயம் முடியும். சொல்லாமல் பொறுத்துக்கொண்டால் ஒரு விரலின் இயக்கமே போகலாம்.

திருகாணி எலும்பைப் பிடிப்பது எப்படி?

நாம் "ஆணி அடித்தல்" என்று சொன்னாலும் இந்த ஆணியை யாரும் அடிப்பதில்லை. முதலில் எலும்பில் ட்றில் கருவியால் துளை போட்டு, பிறகு புரியுள்ள ஆணியைத் திருகி ஏற்றுகிறார்கள். எமது கை, கால் எலும்புகளின் வெளிச்சுவர் தேங்காய்ச் சிரட்டைபோலக் கடினமானது. உள்ளே கடற்பஞ்சுபோன்ற மென்மையான பகுதியும் மச்சையும் இருக்கும். திருகாணிக்கு உண்மையான பிடிப்பைத் தருவது அந்தக் கடினச் சுவர். எனவே தண்டுப் பகுதியில் ஆணி பெரும்பாலும் ஒரு பக்கச் சுவரால் உள்ளே போய், நடுப்பகுதியைக் கடந்து, மறுபக்கச் சுவரையும் பிடிக்க வேண்டும்.

இங்கேதான் நீளம் என்ற கேள்வி வருகிறது. ஆணி குட்டையாக இருந்தால் மறுசுவரைப் பிடிக்காது. பிடி தளர்ந்து பிளேட் அசையக்கூடும். நீளமாக இருந்தால் நுனி எலும்புக்கு வெளியே எட்டிப் பார்க்கும். எலும்புக்கு வெளியே வெற்றிடம் இல்லை. அங்கே தசைநாண், நரம்பு, இரத்தக்குழாய் எல்லாம் எலும்போடு ஒட்டியபடி ஓடுகின்றன.

எலும்பை உலோகத் தகட்டாலும் ஆணியாலும் பொருத்தும் முறை புதியதல்ல. ஜேர்மனியின் ஹம்பேர்க் நகரத்து வைத்தியர் கார்ல் ஹான்ஸ்மான் 1886ஆம் ஆண்டிலேயே இதைப் பற்றி எழுதியிருக்கிறார். ஆனால் ஆணிகளுக்கும் கருவிகளுக்கும் ஒரு சீரான அளவுமுறை பரவலானது 1958இல் சுவிற்சலாந்தின் பீல் நகரில் சில சத்திரசிகிச்சை நிபுணர்கள் சேர்ந்து ஏஓ என்ற அமைப்பைத் தொடங்கிய பின்னர்தான். இன்று உலகெங்கும் எலும்பு முறிவு நிபுணர்கள் அந்த வழிவந்த முறைகளையே பெரிதும் கற்கிறார்கள்.

ஆழத்தை அளக்கும் கருவி

உதாரணத்துக்கு, முன்கை எலும்பில் வழமையாகப் பயன்படும் 3.5 மில்லிமீற்றர் தடிப்புள்ள ஆணியை எடுத்துக்கொள்வோம். அதற்கு 2.5 மில்லிமீற்றர் துளை போடுவார்கள். துளை போட்டதும் ஆழமானி என்ற கருவி வருகிறது. அது மெல்லிய கம்பி ஒன்றைக் கொண்டது. கம்பியின் நுனியில் சிறிய கொளுக்கி இருக்கும். கம்பியைச் சுற்றி மில்லிமீற்றர் கோடுகள் பொறித்த ஓர் உறை இருக்கும். கம்பியைத் துளையினூடாக மறுபக்கம் வரை விட்டு, மெல்லப் பின்னே இழுத்தால் கொளுக்கி மறுசுவரின் வெளிவிளிம்பில் மாட்டும. உறையை இந்தப் பக்கத்து எலும்பில் அல்லது பிளேட்டில் படும்வரை தள்ளி, கோட்டில் உள்ள எண்ணை வாசிப்பார்கள். கிணற்றில் வாளிக் கயிற்றைவிட்டு ஆழம் பார்ப்பதுபோல எளிமையான தத்துவம்தான்.

வாசித்த எண்ணுக்குச் சரியாகப் பொருந்தும் ஆணி எப்போதும் இருப்பதில்லை. இந்த அளவு ஆணிகள் பெரும்பாலும் 2 மில்லிமீற்றர் இடைவெளியில் செய்யப்படுகின்றன: 12, 14, 16, 18 என்று போகும். ஆழமானி 17 என்று காட்டினால் வைத்தியர் 16ஐ எடுப்பதா, 18ஐ எடுப்பதா என்று முடிவு செய்ய வேண்டும். எலும்பின் தண்டுப் பகுதியில், சுற்றிலும் தசை இருக்கும் இடத்தில், நுனி ஒன்றிரண்டு மில்லிமீற்றர் வெளியே வருவதை ஏற்றுக்கொள்வார்கள். அப்போதுதான் புரிகள் முழுமையாக மறுசுவரைப் பிடிக்கும். ஆனால் தசைநாண் உரசும் இடத்தில் அதே ஒன்றிரண்டு மில்லிமீற்றர் தீங்காகிவிடும். ஓர் அரிசி மணியின் தடிப்புத்தான் அந்த வித்தியாசம்.

அளவு எங்கே பிழைக்கிறது?

கருவி எளிமையானது என்றாலும் அளவு தவறுவதற்குப் பல வழிகள் உண்டு.

கொளுக்கி மறுபக்கத்துக்குப் போகாமல் எலும்பின் உட்சுவரிலேயே மாட்டிக்கொண்டால் அளவு குறைவாக வரும். மறுபக்கம் போன கொளுக்கி எலும்பை விட்டு அருகிலுள்ள மென்தசையில் மாட்டினால் அளவு கூடுதலாக வரும். உறை எலும்பில் சரியாகப் படியாமல் இடையில் தசை அகப்பட்டாலும் அப்படியே.

துளை சாய்வாகப் போயிருந்தால் அதன் ஒரு விளிம்பு நீளமாகவும் மறு விளிம்பு குட்டையாகவும் இருக்கும். கொளுக்கி எந்த விளிம்பில் மாட்டியதோ அந்த எண்தான் கிடைக்கும். முறிந்த இரு துண்டுகளுக்கு இடையில் வெடிப்பு இருக்கும்போது அளந்துவிட்டு, பிறகு ஆணியால் இறுக்கினால் வெடிப்பு மூடிவிடும். சரியென்று எடுத்த ஆணி இப்போது நீளமாகிவிடும். பிளேட் வைப்பதற்கு முன் அளந்தால் பிளேட்டின் தடிப்பையும் கணக்கில் எடுக்க வேண்டும்.

வயதானவர்களில் இன்னொரு சிக்கல் சேர்கிறது. தேய்ந்த எலும்பின் சுவர் மெல்லியது. கொளுக்கியை இழுக்கும்போது அது சுவரை அறுத்துக்கொண்டு உள்ளே வந்துவிடலாம். மறுபக்கச் சுவர் நொறுங்கியிருந்தால் கொளுக்கி மாட்டுவதற்கே இடம் இருக்காது.

இவையெல்லாம் நிபுணர்களுக்கு நன்கு தெரிந்த விடயங்கள். அதனால்தான் ஆழமானியை மட்டும் நம்பாமல் சத்திரசிகிச்சை மேசையிலேயே எக்ஸ்றே படத்தையும் பார்க்கிறார்கள். அளவுக்கோடு பொறித்த ட்றில் ஊசிகளும், மறுசுவரைத் துளைத்த கணத்தை உணர்ந்து ஆழத்தை எண்ணாகக் காட்டும் கருவிகளும் இப்போது உள்ளன. ஆனாலும் எக்ஸ்றே கூட ஏமாற்றக்கூடிய இடங்கள் இரண்டு உண்டு. அவை எம்மவர்கள் விழுந்தால் அதிகம் முறியும் இடங்கள்: மணிக்கட்டும் இடுப்பும்.

மணிக்கட்டு: பெருவிரலைத் தூக்கும் நாண்

வழுக்கும்போது நாம் இயல்பாகவே கையை நீட்டி ஊன்றுகிறோம். உடல் பாரம் முழுவதும் மணிக்கட்டுக்கு மேலே, ஆரை எலும்பின் முனையில் இறங்கி அது முறிகிறது. பல முறிவுகளுக்குச் சாந்துக்கட்டு மட்டும் போதும். எந்த முறிவுக்குச் சத்திரசிகிச்சை, எதற்குக் கட்டு என்பதற்கு டென்மார்க் சுகாதார ஆணையம் 2014இல் தேசிய வழிகாட்டி ஒன்றை வெளியிட்டது. சத்திரசிகிச்சை என்றால், பெரும்பாலும் உள்ளங்கைப் பக்கமாகத் திறந்து பிளேட் வைத்து, அங்கிருந்து புறங்கைப் பக்கம் நோக்கி ஆணிகளைத் திருகுகிறார்கள்.

புறங்கைப் பக்கத்தில் எலும்பின் முதுகு தட்டையாக இல்லை. அங்கே சிறிய மேடு ஒன்று உண்டு. கிருமிநீக்க முறையைச் சத்திரசிகிச்சைக்குக் கொண்டுவந்த பிரித்தானிய வைத்தியர் ஜோசப் லிஸ்ரரின் பெயரால் அதை லிஸ்ரர் மேடு என்பார்கள். அந்த மேட்டை ஒட்டிய பள்ளத்தில்தான் பெருவிரலை மேலே தூக்கும் தசைநாண், கப்பியில் ஓடும் கயிறுபோல வளைந்து ஓடுகிறது. கையைப் பக்கவாட்டில் வைத்து எக்ஸ்றே எடுத்தால் மேட்டின் நிழல் பள்ளத்தை மறைத்துவிடும். பள்ளத்தில் ஆணி நுனி இரண்டு மில்லிமீற்றர் நீட்டிக்கொண்டிருந்தாலும் படத்தில் எல்லாம் எலும்புக்குள் இருப்பதுபோலவே தெரியும்.

இதற்கு நிபுணர்கள் கண்ட வழி, மணிக்கட்டை நன்றாக மடக்கி, எலும்பின் முதுகு வழியே கதிர் செல்லும்படி படம் எடுப்பது. மலையின் விளிம்பை வானத்துக்கு எதிரே பார்ப்பதுபோல அந்த மேடும் பள்ளமும் தெளிவாகத் தெரியும். நீட்டிய நுனி அப்போது அகப்படும்.

இன்னொரு வழி, ஆணியைக் கொஞ்சம் குட்டையாகவே எடுப்பது. இப்போது பயன்படும் பூட்டுப் பிளேட்டில் ஆணியின் தலையிலும் புரி இருக்கும். அது பிளேட்டோடு இறுகிப் பூட்டிக்கொள்ளும். அந்த ஆணிகள் மூட்டின் மேற்பரப்பைக் கூரையின் கீழுள்ள வளைகள்போலத் தாங்குகின்றன. மறுசுவரைத் துளைத்துப் பிடிக்க வேண்டிய கட்டாயம் இல்லை. எலும்பின் முழு ஆழத்தில் முக்கால் பங்கு நீளமுள்ள ஆணிகளும் முழு நீள ஆணிகளுக்கு ஈடான உறுதியைத் தருவதாக 2012இல் வெளியான ஆய்வுகூட ஒன்று காட்டியது. ஆகவே இந்த இடத்தில் அளவைவிட இரண்டு மில்லிமீற்றர் குறைத்து எடுப்பது கவனக்குறைவல்ல, கவனம்.

நீட்டிய நுனி நாணை உடனே அறுக்காது. பெருவிரலை அசைக்கும் ஒவ்வொரு தடவையும் நாண் அதில் உரசும். வாரங்கள், மாதங்கள் கழித்து, எலும்பு நன்றாகப் பொருந்திவிட்டது என்று எல்லோரும் நிம்மதியாக இருக்கும்போது ஒரு நாள் நாண் அறுந்துவிடும். உரசித் தேய்ந்து அறுந்த நாணை இரு முனையையும் சேர்த்துத் தைப்பது பெரும்பாலும் முடியாது. சுட்டுவிரலை நீட்டுவதற்கு இரண்டு நாண்கள் இருப்பதால் அவற்றில் ஒன்றை எடுத்துப் பெருவிரலுக்கு மாற்றிப் பொருத்துவார்கள். அதற்குப் பிறகு பல வாரப் பயிற்சி தேவை. உரசல் நிலையிலேயே கண்டுபிடித்தால் அந்த ஆணியைக் கழற்றினாலோ மாற்றினாலோ போதும்.

ஒன்றையும் சேர்த்துச் சொல்ல வேண்டும். ஆணியே வைக்காமல் கட்டு மட்டும் போட்ட மணிக்கட்டு முறிவிலும் இந்த நாண் சில வேளை அறுவதுண்டு. ஆகவே நாண் அறுந்தால் ஆணிதான் காரணம் என்று உடனே முடிவுகட்டிவிடக் கூடாது.

இடுப்பு: உருண்டைக்குள் ஓர் ஆணி

தொடை எலும்பின் மேல்முனை பந்துபோல உருண்டையானது. இடுப்பு முறிவில் அந்த உருண்டைக்குள் பெரிய ஆணி ஒன்றைச் செலுத்துவது ஒரு வழமையான முறை. இங்கே கொளுக்கி உதவாது. ஏனெனில் ஆணி மறுபக்கம் போகவே கூடாது. மறுபக்கம் மூட்டின் கசியிழையம் இருக்கிறது. அதனால் முதலில் மெல்லிய வழிகாட்டிக் கம்பியைச் செலுத்தி, எக்ஸ்றேயில் அதன் நுனியைச் சரிபார்க்கிறார்கள். கம்பியின் மொத்த நீளம் தெரிந்ததே. வெளியே நிற்கும் பகுதியில் அளவுகோலை வைத்தால் உள்ளே போன நீளம் தெரியும். அதிலிருந்து வழமையாக 10 மில்லிமீற்றர் குறைத்து ஆணியைத் தெரிவு செய்வார்கள். கோல் 105 என்று காட்டினால் 95 மில்லிமீற்றர் ஆணி.

இங்கே எக்ஸ்றே எப்படி ஏமாற்றும் என்பதை வீட்டிலேயே பார்க்கலாம். ஒரு தோடம்பழத்தில் பல்லுக்குத்தும் குச்சியை ஓரமாகச் செருகி, நுனி தோலுக்கு வெளியே சற்று வரச் செய்யுங்கள். பிறகு விளக்கின் முன் பிடித்துச் சுவரில் விழும் நிழலைப் பாருங்கள். சில கோணங்களில் குச்சியின் நுனி பழத்தின் நிழலுக்குள்ளேயே இருக்கும். பழத்தைத் திருப்பினால்தான் வெளியே வந்திருப்பது தெரியும். இதனால்தான் வைத்தியர்கள் ஒரே படத்தோடு நிற்காமல் முன்பக்கமும் பக்கவாட்டும் பார்க்கிறார்கள். சந்தேகம் இருந்தால் சுழற்றியும் பார்க்கிறார்கள்.

குட்டையான ஆணியும் இங்கே ஆபத்தானது. ஆணியின் நுனியிலிருந்து உருண்டையின் உச்சிவரை உள்ள தூரத்தை முன்படத்திலும் பக்கப்படத்திலும் அளந்து கூட்டினால் 25 மில்லிமீற்றருக்குக் குறைவாக இருக்க வேண்டும் என்ற விதி 1995இல் அமெரிக்காவில் வெளியான ஆய்வு ஒன்றிலிருந்து வந்தது. தூரம் கூடினால் தேய்ந்த எலும்பை ஆணி உழுதுகொண்டு வெளியேறும் வாய்ப்பும் கூடுகிறது. டென்மார்க்கில் இடுப்பு முறிவு நோயாளர்களின் சிகிச்சைத் தரத்தைக் கவனிக்க 2003இல் தொடங்கிய தேசியப் பதிவேடு ஒன்று உண்டு. மறுபடி சத்திரசிகிச்சை தேவைப்பட்டதா என்பதும் அதில் கவனிக்கப்படும் விடயங்களில் ஒன்று.

வீட்டில் நாம் கவனிக்க வேண்டியவை

எமது அம்மா, அப்பாமாரின் பொறுமை பெரியது. "ஆணி வைச்சால் வலிக்கத்தானே செய்யும்" என்று தாங்களே சமாதானம் சொல்லிக்கொள்வார்கள். டெனிஷ் மொழியில் விளக்க முடியாத சங்கடமும், பிள்ளைகளுக்கு வேலை கெடக்கூடாது என்ற எண்ணமும் சேர்ந்துவிடும். ஆகவே கேட்பது எமது பொறுப்பு.

1. மணிக்கட்டுச் சத்திரசிகிச்சையின் பின், வைத்தியர் விரல்களை அசைக்க அனுமதித்த காலத்திலிருந்து இந்தச் சோதனையைச் செய்யச் சொல்லுங்கள்: உள்ளங்கையை மேசையில் தட்டையாக வைத்து, பெருவிரலை மட்டும் கூரையை நோக்கித் தூக்க வேண்டும். தூக்கும்போது புறங்கைப் பக்கம் வலி, நெரிவு, "டிக் டிக்" என்ற உரசல் தெரிந்தால் அடுத்த பரிசோதனைத் திகதிவரை காத்திருக்க வேண்டாம்.

2. நேற்றுத் தூக்கிய பெருவிரலை இன்று தூக்க முடியவில்லை என்றால் அன்றே அழையுங்கள். வலி இல்லாமலும் நாண் அறும். வலி இல்லை என்பது ஆறுதல் அல்ல.

3. உள்ளங்கைப் பக்கம் பிளேட்டின் மேலாக ஓடும் நாண்களும் உரசலாம். பெருவிரலின் நுனியை மடக்கும்போது வலி அல்லது பலவீனம் தெரிந்தால் அதையும் சொல்லுங்கள்.

4. இடுப்புச் சத்திரசிகிச்சையின் பின் குறைந்துவந்த வலி மறுபடி கூடினால், நடக்கும்போது கவட்டில் குத்தினால், கால் குட்டையானதுபோலத் தெரிந்தால் உடனே தெரிவியுங்கள்.

5. யாரை அழைப்பது? வைத்தியசாலை தந்த கடிதத்தில் உள்ள பிரிவின் இலக்கத்தை முதலில் அழையுங்கள். அது முடியாவிட்டால் குடும்ப வைத்தியரை அழையுங்கள். இங்கே அவசர சிகிச்சைப் பிரிவுக்குப் போவதற்கு முன் தொலைபேசியில் கதைக்க வேண்டும் என்பது உங்களுக்குத் தெரிந்ததே. தலைநகரப் பிராந்தியத்தில் 1813, ஏனைய பிராந்தியங்களில் அந்தந்த இரவுநேர வைத்தியர் சேவை, உயிராபத்து என்றால் 112.

6. மொழிபெயர்ப்பாளர் தேவை என்பதை நேரம் குறிக்கும்போதே சொல்லுங்கள். நீண்டகாலம் இங்கே வாழ்பவர்களுக்கு மொழிபெயர்ப்புக் கட்டணம் 2018 ஜூலையில் கொண்டுவரப்பட்டது. விதிவிலக்குகளும் உண்டு. உங்களுக்கு எப்படி என்பதை வைத்தியசாலையில் கேட்டறியுங்கள். சிறு பிள்ளைகளை மொழிபெயர்க்க வைப்பதைத் தவிர்ப்போம்.

7. என்ன வகைப் பிளேட், என்ன ஆணி என்ற விபரம் உள்ள சத்திரசிகிச்சைக் குறிப்பின் பிரதியைப் பத்திரமாக வையுங்கள். யாழ்ப்பாணத்திலோ சென்னையிலோ பின்னொரு நாள் அந்த ஆணியைக் கழற்ற நேர்ந்தால், அதன் தலைக்குப் பொருந்தும் ஸ்குறூட்றைவர் எது என்று அந்த வைத்தியருக்குத் தெரிய வேண்டும். ஆணித் தலையில் சிலவற்றுக்கு அறுகோணக் குழி, சிலவற்றுக்கு நட்சத்திரக் குழி. உங்கள் மருத்துவக் குறிப்புகளை அரசின் சுகாதார இணையத்தளத்திலும் பார்க்கலாம்.

கேட்பதும் முறையிடுவதும்

சத்திரசிகிச்சைக்குப் பிறகு வைத்தியரிடம் இரண்டு கேள்விகளைத் தயங்காமல் கேட்கலாம்: "ஆணி நுனிகள் எலும்புக்குள் இருக்கின்றனவா, எந்தக் கோணங்களில் படம் பார்த்தீர்கள்?" "எந்த அறிகுறி வந்தால் நாங்கள் உடனே வர வேண்டும்?" இது மரியாதைக் குறைவு அல்ல. டெனிஷ் வைத்தியர்கள் நோயாளி கேட்பதை எதிர்பார்க்கிறார்கள்.

ஆணி நீண்டு பாதிப்பு வந்துவிட்டால் வழிகள் உண்டு. எதிர்பாராத மருத்துவச் சம்பவங்களை அறிவிக்கும் முறை டென்மார்க்கில் 2004இல் சட்டமாக வந்தது. 2011 முதல் நோயாளரும் உறவினரும்கூட அறிவிக்கலாம். யாரையும் தண்டிப்பது இதன் நோக்கமல்ல, அடுத்தவருக்கு அது நடக்காமல் பார்ப்பதே நோக்கம். நட்டஈடு வேண்டுமானால் பசியென்ற் எர்ஸ்டாட்னிங்கன் என்ற அமைப்புக்குக் கட்டணமின்றி விண்ணப்பிக்கலாம். நோயாளர் நட்டஈட்டு முறை இங்கே 1992 ஜூலை முதல் இருக்கிறது. பாதிப்பை அறிந்து மூன்று ஆண்டுகளுக்குள்ளும், பாதிப்பு ஏற்பட்டுப் பத்து ஆண்டுகளுக்குள்ளும் விண்ணப்பிக்க வேண்டும். அனுபவமுள்ள நிபுணர் ஒருவர் அந்த இடத்தில் வேறுவிதமாகச் செய்திருப்பாரா என்பது அவர்கள் பார்க்கும் முக்கிய கேள்வி. ஆணி நீண்டது என்பதாலேயே நட்டஈடு கிடைத்துவிடும் என்று எண்ண வேண்டாம்.

பெரும்பாலான முறிவுகள் நன்றாகவே குணமாகின்றன. பிளேட்டும் ஆணியும் வாழ்நாள் முழுவதும் தொல்லை தராமல் உள்ளே இருந்துவிடுகின்றன. பயப்படுவதற்காக நாம் இதை எழுதவில்லை. சத்திரசிகிச்சை மேசையில் அந்த இரண்டு மில்லிமீற்றரை வைத்தியர் தேடுகிறார். வீட்டுக்கு வந்த பிறகு அதைத் தேடக்கூடியவர்கள் நாங்கள். இந்த வார இறுதியில் கையில் பிளேட் உள்ள உங்கள் அம்மாவையோ மாமியையோ சந்தித்தால், தேநீர் குடிக்கும் நேரத்தில் உள்ளங்கையை மேசையில் வைத்துப் பெருவிரலை ஒரு தடவை தூக்கிக் காட்டச் சொல்லுங்கள். அரை நிமிடம்கூட ஆகாது.